அம்மா மெட்ராஸுக்குப் போகவில்லை

எங்கள் அம்மா மறைந்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. அன்று வந்து எங்களோடு நின்ற உறவினர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் இந்த நினைவு மலரைக் கைகூப்பிக் கொடுக்கிறோம். அம்மா பிறந்த ஊரிலிருந்து முறைப்படி தொடங்கத்தான் நினைத்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றை முதலில் சொல்லாமல் மற்றதை எழுதினால் எல்லாமே பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

துக்கத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "மெட்ராஸுக்குப் போம்போது நல்லாத்தான இருந்தாவ. ஒரு வருஷம் மகன் வீட்டுல இருந்துட்டு வந்தாவ, புத்தி கலங்கிப்போச்சு. மருமவ கவனிச்ச லெட்சணம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் மீது தவறில்லை. நான் சொன்னதுதான் அவருக்குத் தெரியும். அண்ணனின் மனைவி, என் மதினி, அப்போது தண்ணீர்ச் செம்போடு அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அம்மா மெட்ராஸுக்குப் போகவே இல்லை. அவர் மெட்ராஸில் இருப்பதாக நீங்கள் நினைத்திருந்த பதினான்கு மாதமும் பாளையங்கோட்டையில் என் வீட்டு உள்ளறையில்தான் இருந்தார். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

இதை மலரில் எழுதப் போகிறேன் என்றதும் அண்ணன், "செத்தவங்களுக்குப் போடுத மலர்ல இதெல்லாம் எதுக்கு வடிவு? நாலு பேரு படிப்பாவ" என்றான். மதினி அப்படிச் சொல்லவில்லை. "எழுதுதன்னா முழுசா எழுது. பாதி எழுதி என்னைய நல்லவளாக்க வேண்டாம்" என்றார். அதனால் முழுசாக எழுதப் பார்க்கிறேன்.

அம்மா பிறந்தது ஆழ்வார்திருநகரியில். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். அந்தத் தெருவில் அவ்வளவு படித்த முதல் பெண் அவர்தான் என்று சித்தி சொல்லுவார். அப்பா டெலிபோன் இலாகாவில் லைன்மேன். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது, மழை நேரத்தில் கம்பத்தில் ஏறியவர் விழுந்து இறந்தார். இலாகா அம்மாவுக்கு வேலை கொடுத்தது. திருநெல்வேலி எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்னால் இருக்கும் போர்டில் வயர்களைச் சொருகி ஊரையும் ஊரையும் இணைக்கிற வேலை. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்தால் மூன்று நிமிடம். மூன்று நிமிடம் ஆனதும் அம்மாவின் குரல் நடுவில் வரும்: "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?"

ஷிப்டு மாறி மாறி வேலை பார்த்துத்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அண்ணனை இன்ஜினியராக்கினார். என்னை பி.எஸ்சி., பி.எட். முடிக்க வைத்தார். ஊரில் யார் வீட்டில் கல்யாணம் முறிந்தது, யாருடைய மகன் வெளிநாட்டில் இருந்து பேசவில்லை என்பதெல்லாம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஒரு நாளும் சொன்னதில்லை. கிண்டிக் கிண்டிக் கேட்டால், "லைன்ல கேட்டது லைன்லயே போச்சு" என்பார். வாயைக் கட்டத் தெரிந்த அம்மாவுக்கு, வாயைத் திறந்ததும் பொய் சொல்லும் மகளாகப் பிறந்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாக மாறிய சமயத்தில் அம்மா ஓய்வு பெற்றார். எனக்குப் பாப்பா பிறந்ததும் எங்களோடு வந்து தங்கினார். முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பிறகு பாப்பாவின் பெயர் மறந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு என் கணவரின் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா சட்டென்று, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா விடாமல் பேசவும், அம்மா அவர் கையைப் பிடித்து வயரைப் பிடுங்குவதுபோல் ஒரு இழு இழுத்தார். சிரிப்பு நின்றது. அடுக்களையில் யாரோ, "இது பொம்பளப் பிள்ளைக வழியா இறங்கும்பாவ. மகளுக்கு வரும், பேத்திக்கும் வரும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பாப்பா என் இடுப்பில் இருந்தாள்.

அன்றிலிருந்து அம்மாவை வாசலுக்கு விடவில்லை. அடுத்த வாரம் தெருவில் ஒருவர், "அம்மாவக் காணுமே?" என்று கேட்டார். "அண்ணன் வீட்டுக்கு மெட்ராஸுக்குப் போயிருக்காவ" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஆனால் சொன்ன பிறகு யோசித்தேன், அதை எப்படிக் காப்பாற்றுவது என்று. அண்ணனுக்கும் மதினிக்கும் கடிதம் எழுதி, யார் கேட்டாலும் அம்மா அங்கே இருப்பதாகச் சொல்லுங்கள் என்றேன். மதினிக்கு அதில் விருப்பமில்லை. "அத்தைய இங்க அனுப்பிரு, பொய்யே வேண்டாம்" என்று பதில் எழுதினார். புது இடத்தில் அம்மாவுக்கு இன்னும் முற்றிவிடும் என்று பயந்து அனுப்பவில்லை. அது பயமா, அதுவும் ஒரு சாக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஆள் வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்துவேன். வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தால் கேள்வி வரும் என்பதால் அதை எடுத்துப் பரணில் போட்டேன். செருப்பு இல்லாவிட்டால் வெளியே போகவும் மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் போனார். சித்திரை மாதம், காலை பத்து மணி இருக்கும். பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது, அம்மா இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் கால் வைத்ததும் ஓட்டம் நடையாகிவிட்டது. யாரிடமாவது, எங்கம்மாவைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எப்படிக் கேட்பது? அம்மா மெட்ராஸில் இருக்கிறாரே.

தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி, "என்ன தாயி, வெயில்ல பிள்ளையத் தூக்கிட்டு வேகமா?" என்றார்.

"கறிவேப்பிலை வாங்கணும் அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்துக் கையில் கொடுத்தார். "வேற ஒண்ணும் கேக்கணுமா தாயி?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டுத் தெரு சுற்றினேன். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, வாய்க்கால் கரை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. மதியம் என் கணவர் ஆபீசிலிருந்து வந்து, போலீசில் சொல்லலாம் என்றார். "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்றேன். அதைச் சொன்ன வாய் இதுதான்.

அம்மா திருநெல்வேலி வண்ணார்பேட்டை வரைக்கும் நடந்திருந்தார். அங்கே ஒரு எஸ்.டி.டி. பூத். அதை நடத்தியவர் ரூபி அக்கா. சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவர். ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் அவருக்கு அந்த பூத் கிடைத்திருந்தது. அம்மா நேராக உள்ளே போய், மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பேச வந்தவர்களிடம் "எந்த ஊர் வேணும்?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். ரூபி அக்கா அவரை எழுப்பவில்லை. "நீங்க யாருக்குப் பேசணும்மா?" என்று கேட்டார். அம்மா அண்ணனின் மெட்ராஸ் நம்பரைத் தடுமாறாமல் சொன்னார். பேத்தியின் பெயர் மறந்தவருக்கு நம்பர் மறக்கவில்லை.

அடுத்து நடந்ததை ரூபி அக்கா சொன்னபடியே எழுதுகிறேன். எடுத்தது மதினி. "உங்க வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க விஷயமா திருநெல்வேலியில இருந்து பேசுதேன்" என்றாராம். மதினி, திருநெல்வேலி என்ற சொல்லைக் கேட்டதுமே, நான் சொல்லிக்கொடுத்தபடி, "அத்தை இங்கதான் இருக்காவ. நல்லா இருக்காவ. இப்பத்தான் சாப்ட்டுப் படுத்தாவ" என்றார்.

"படுத்திருக்காவளா?"

"ஆமா, தூங்குதாவ."

"அப்படியா? இங்கன என் நாற்காலியில உக்காந்து எனக்கு லைன் போட்டுக் குடுக்காவ" என்றார் ரூபி அக்கா.

மதினி அழுதுகொண்டே என் விலாசத்தைச் சொல்லியிருக்கிறார்.

நான்கு மணிக்கு ஆட்டோ வந்தது. தெரு முழுவதும் வாசலில் நின்றது. ரூபி அக்கா தம் கம்பை ஊன்றி முதலில் இறங்கி, பிறகு அம்மாவுக்குக் கை கொடுத்தார். அம்மாவால் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. உள்ளங்கால் இரண்டும் தார் ரோட்டில் வெந்து கொப்பளித்திருந்தன. அவருடைய செருப்பு பரணில் இருந்தது.

கடை அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். அம்மாவின் காலை அதில் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "காலையில அம்மா இந்தப் பக்கந்தான் போனாவ. பாத்தேன். நீங்க வந்ததும் கேப்பியன்னு இருந்தேன். நீங்க கறிவேப்பிலைன்னிய. மெட்ராஸ்ல இருக்காவன்னு நீங்க சொல்லியிருக்கும்போது, இங்கன பாத்தேன்னு நான் எப்படிச் சொல்ல? உங்க மொகத்துல அடிச்சாப்ல ஆயிராதா?" அவர் கண் கலங்கியிருந்தது. "எம்மேலயும் தப்புதான். சொல்லியிருக்கணும்."

தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்காக எல்லோரும் தெரியாததுபோல் இருந்திருக்கிறார்கள். அந்த மரியாதையிலும் என் பொய்யிலுமாக அம்மாவின் கால் வெந்தது. புண் ஆற மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகு அவர் பழையபடி நடக்கவே இல்லை. பைய, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்.

உங்களில் பலருக்கு நான் இப்போது வேலை செய்யும் முதியோர் பகல் இல்லத்தைத் தெரியும். அது எப்படித் தொடங்கியது என்று கேட்பீர்கள். நான் ஏதேதோ சொல்லிச் சமாளிப்பேன். அது அந்த பூத்தின் பின்னறையில் தொடங்கியது. ரூபி அக்காவின் அப்பாவுக்கும் இதே மறதி நோய். சர்வேயராக இருந்தவர். பூத் நேரம் முழுவதும் பின்னறையில் உட்கார்ந்து அறையை அளந்துகொண்டிருப்பார். "நீ தெனமும் இங்கன கொண்டாந்து விடு வடிவு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணை" என்றார் அக்கா. அப்படி இரண்டாவது ஆளாக அம்மா சேர்ந்தார்.

மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் விசேஷம். வெளியூர்ப் பிள்ளைகளோடு பேச வருகிறவர்கள் பூத்துக்குள் நின்று, "அப்பா நல்லா இருக்காவ, ஒண்ணுமில்ல" என்று போனில் சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணைத் துடைப்பார்கள். கண்ணாடிக் கதவு எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும்? எந்தெந்த வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்று ரூபி அக்காவுக்குத்தான் ஊரிலேயே நன்றாகத் தெரியும். மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது, "பின்னால ஒரு ரூம் இருக்கு. எங்கப்பா அங்கதான் இருக்காவ. வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லுவார். "ஒட்டுக் கேக்கியா அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "லைன்ல கேட்டத யாருட்டயும் சொல்லமாட்டேன். ரூம் இருக்குன்னு சொல்லதுல என்ன தப்பு?" என்றார். அம்மாவின் பேச்சையே யாரோ என்னிடம் திருப்பிச் சொன்னதுபோல் இருந்தது.

இரண்டு பேர் ஐந்து பேரானார்கள். பின்னறை போதவில்லை. ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தம் பழைய கிளினிக் வீட்டைத் தந்தார். மனநல டாக்டர் ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து, இது பைத்தியம் இல்லை, டிமென்ஷியா என்கிற மூளை நோய் என்று எங்களுக்குப் புரிய வைத்தார். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இது என் பிள்ளைக்கு வருமா டாக்டர்?" அம்மாவுக்கு வலிக்குமா, பயமாக இருக்குமா என்று கேட்கவில்லை. இந்த வயதில் வருவதற்குப் பெரும்பாலும் பரம்பரை காரணமில்லை, அப்படிப் பயப்பட வேண்டாம் என்றார். அதைக் கேட்ட பிறகாவது பொய்யை விட்டிருக்கலாம்.

தொடக்கத்தில் நிறையத் தவறு செய்தோம். வாசலைப் பூட்டி வைத்தோம். சர்வேயர் ஐயா பூட்டைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் போல அழுதார். பிறகு பூட்டை எடுத்துவிட்டுக் கதவில் மணி கட்டினோம். மணி அடித்தால் யாராவது ஒருவர் கூடவே நடந்து போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். அவர்கள் சொல்வதைத் திருத்தக் கூடாது என்பதைக் கற்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. சர்வேயர் ஐயாவுக்கு அளக்க டேப் கொடுத்தோம். அம்மாவுக்குப் பழைய டெலிபோன் ஒன்றை வைத்தோம்.

எல்லாம் செய்தோம், போர்டு மட்டும் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள் நான். போர்டு இருந்தால் குடும்பங்கள் வரத் தயங்கும் என்று காரணம் சொன்னேன். அழைத்துவரும் ஆட்டோ வீட்டு வாசலில் நிற்காமல் தெருமுனையில் நிற்க வேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான். வெந்து ஆறிய காலோடு அம்மா ஒவ்வொரு நாளும் தெருமுனை வரை நடந்தார். வெளியூரில் இருக்கும் உங்களுக்கோ, அம்மா மெட்ராஸிலிருந்து கொஞ்சம் தளர்ந்து திரும்பி வந்துவிட்டார் என்று எழுதினேன். மதினியின் தலையில் அந்தப் பழி விழுந்தது அந்தக் கடிதத்தால்தான்.

இல்லத்தைச் சங்கமாகப் பதிவு செய்த பிறகு ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். அம்மா மூன்று நாற்காலி தள்ளி டெலிபோனோடு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டி விளக்கினேன். "நல்லா பண்ணுறீங்க. உங்க வீட்டில யாருக்காவது இந்தக் கஷ்டம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சேவைதான்" என்றேன்.

அம்மா ரிசீவரைக் கீழே வைத்தார். அதிகாரியைப் பார்த்து, தம் பழைய ஆபீஸ் குரலில் சொன்னார். "அந்தப் பொண்ணு நம்ம ஆபீசுக்குப் புதுசு சார். தப்பு வந்தாலும் ஏசிராதிய. பழகிட்டா நல்லா பாக்கும். நான் சொல்லுதேன்."

அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். ரூபி அக்கா சிரிக்கவில்லை. "ஏன் வடிவு, இப்ப அம்மா எந்த ஊருக்குப் போயிருக்காவ?" என்று கேட்டார். நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்து, "மொத நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்த வாரமே போர்டை நானே எழுதி வைத்தேன்: மறதி நோய் உள்ள பெரியவர்களுக்கான பகல் இல்லம். ஆட்டோ வீட்டு வாசலுக்கு வந்தது. பரணிலிருந்து செருப்பை இறக்கித் தூசி துடைத்து வாசலில் வைத்தேன். அம்மாவின் காலுக்கு அது சேரவில்லை. தழும்பு உரசியது. மெத்தென்று வேறு வாங்கினோம்.

கடைசி ஆறு மாதம் அம்மா படுக்கையில் இருந்தார். இல்லத்துப் பெண்கள் முறை வைத்து வந்து பார்த்துக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் அவர் முகம் தெளிவாக இருந்ததைப் பார்த்து, நான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெட்ராஸ், செருப்பு, கறிவேப்பிலை. அம்மா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்றார். "நீட்டுங்கம்மா" என்றேன். லைனில் இருப்பதுபோல் அவர் காத்திருந்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டு, என் வீட்டிலேயே, காலை நேரத்தில் போனார்.

அதற்குப் பிறகும், துக்கப் பந்தலில், நான் வாய் திறக்கவில்லை. முதலில் எழுதியது அதைத்தான்.

ரூபி அக்காவுக்கும், அம்மாவைத் தாங்கிய இல்லத்துப் பெண்களுக்கும், சனிக்கிழமைகளில் வந்த டாக்டருக்கும், ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்த அண்ணாச்சிக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதினிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர் அம்மாவை ஒரு நாளும் கவனிக்கத் தவறியதில்லை, ஏனென்றால் கவனிக்க அவரிடம் நான் அம்மாவை அனுப்பவே இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை அவர் இங்கே வந்து, சாத்திய கதவுக்குள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுப் போனதை உங்களில் யாரும் பார்க்க வழியில்லாமல் செய்தவளும் நான்தான்.

அந்தப் பதினான்கு மாதத்தில் அம்மா எங்கே என்று ஆழ்வார்திருநகரியிலிருந்து கேட்டீர்கள், சாத்தான்குளத்திலிருந்து கேட்டீர்கள், கல்யாண வீடுகளில் கேட்டீர்கள். அக்கறையோடுதான் கேட்டீர்கள். உங்கள் எல்லோருக்கும் பதில் இது. அம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். வாசலில் அவருடைய செருப்பு மட்டும்தான் இல்லை.